யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு கோயில் மண்டபத்தில் பெற்றோர்களோடு ஒரு மாலை பேசினேன். பிள்ளைகளின் கூச்சத்தைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தது. ஆனால் கேள்விகள் கேமரா, போன், பக்கத்து வீடு, திருஷ்டி என்று எங்கெங்கோ போயின. வீட்டுக்கு வந்து யோசித்தபோது எல்லாமே ஒரே கேள்விதான் என்று தோன்றியது. ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்ற நினைப்பு நம்மை என்ன செய்கிறது? அன்று கேட்டவற்றையும் அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தவற்றையும் சேர்த்து, அன்று சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

பின்னாலிருந்து யாராவது பார்த்தால் முதுகு கூசுகிறதே, அது நிஜமாகவே தெரியுமா?

தெரியாது. 1898இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிச்சனர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய மாணவர்கள் பலர் தங்களுக்கு அது தெரியும் என்று உறுதியாகச் சொன்னவர்கள். சோதனையில் ஒன்றும் நிற்கவில்லை. அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. முதுகு கூசுகிறது என்று நாம் திரும்புகிறோம். நாம் அசைந்ததும் பின்னால் இருப்பவர் கண் நம்மேல் விழுகிறது. "பார்த்தாயா, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்!" என்று மனசு சொல்லிவிடுகிறது. தப்பாய்ப் போன முறைகள் மறந்துபோகின்றன.

இதோடு இன்னொன்றும் உண்டு. எதிரில் இருப்பவரின் கண் சரியாகத் தெரியாதபோது, அவர் நம்மைத்தான் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் பக்கமே நம் மூளை சாய்கிறது. 2013இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. காட்டில் வாழ்ந்த காலத்துக்கு நல்ல பாதுகாப்புதான் அது. புலி பார்க்காதபோது பார்க்கிறது என்று நினைத்து ஓடினால் நஷ்டமில்லை. பார்க்கும்போது பார்க்கவில்லை என்று நினைத்தால்தான் கதை முடியும். கறுப்புக் கண்ணாடி போட்டவர் எதிரில் உட்கார்ந்தால் நமக்குச் சங்கடமாக இருப்பதும், மூடிய குமிழுக்குள் இருக்கும் கேமரா நம்மை இத்தனை தொந்தரவு செய்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாத கண் எப்போதும் நம்மையே பார்ப்பது போல இருக்கிறது.

எங்கே போனாலும் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. என்ன செய்வது?

அதே கார்னெலில் 2000இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியாக ஒரு பழைய பாடகரின் முகம் அச்சடித்த டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்று அப்படிப் போட்டுப் போனவர்கள் சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

என் மாணவிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். புடவையில் மஞ்சள் கறை இருந்தால் நாள் முழுக்க அதுவே நம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவர்களுக்கு அவரவர் கறை.

மேடை ஏறினால் சிலர் ஜொலிக்கிறார்கள், சிலர் உளறுகிறார்கள். ஏன்?

ஆசிரியர் என்ற முறையில் என்னை ரொம்ப நாள் வாட்டிய கேள்வி இது. நாங்கள் தமிழ் கற்பிக்கும் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், இந்தத் தீவின் அன்றாடப் பேச்சுமொழி. பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் வாரத்தில் சில மணி நேரம் மட்டும். அந்தப் பிள்ளையை எழுப்பி, இருபது பேர் முன்னால் "படி" என்று சொல்கிறோம்.

ஒரு பெண் இருந்தாள், பத்து வயது. என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டி முழுப் பத்தியும் படிப்பாள். வகுப்பின் நடுவே எழுந்து நின்றால் "ழ"வில் மாட்டிக்கொள்வாள். விரல் அந்த எழுத்தின் மேலேயே நிற்கும், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவாள். கண் தாளை விட்டுப் போய் என் முகத்தைத் தேடும். நான் அவளுக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி எழுப்பினேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதன் காரணம் ஆராயப்பட்டதுதான். 1898இல் டிரிப்லட் என்பவர், தனியாக ஓட்டுவதைவிட உடன் ஆள் இருக்கும்போது சைக்கிள்காரர்கள் வேகமாக ஓட்டுவதைக் கவனித்து, பிள்ளைகளை மீன் தூண்டிலின் நூல் சுற்றும் உருளையைச் சுற்றவைத்துச் சோதித்தார். ஆனால் வேறு சில வேலைகளில் பக்கத்தில் ஆள் இருந்தால் கெட்டுப்போவதும் அப்புறம் தெரிந்தது. இந்த முரண்பாட்டை 1965இல் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் அவிழ்த்தார். பார்வை நம்மை உசுப்பிவிடுகிறது. நன்றாகப் பழகிய வேலையானால் உசுப்பல் அதை இன்னும் நன்றாக்கும். பழகாத வேலையானால் தப்புதான் முதலில் வெளியே வரும். 1969இல் கரப்பான்பூச்சிகளைக் கொண்டுகூட அவர் குழு இதைக் காட்டியது. மற்ற கரப்பான்கள் "பார்த்துக்கொண்டிருந்தால்" அவை நேர்ப்பாதையில் வேகமாக ஓடின, திருப்பம் உள்ள பாதையில் தடுமாறின.

அதிலிருந்து என் வழக்கத்தை மாற்றினேன். புதுப் பாடத்தைப் பிள்ளைகள் முதலில் சுவரைப் பார்த்துப் படிப்பார்கள், பிறகு ஒரு தோழிக்கு, பிறகு நான்கு பேருக்கு. வாய்க்கு வந்த பிறகுதான் வகுப்புக்கு. போட்டிக்குத் தேவாரம் சொல்லும் பிள்ளையைக் கூட்டத்தின் முன் நிறுத்தலாம், தப்பில்லை, அது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். பாடம் ஏறாத பிள்ளையை நிறுத்துவதை யாரும் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சுவரில் கண் படம் ஒட்டினாலே ஆட்கள் ஒழுங்காக நடப்பார்கள் என்கிறார்களே?

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், பணம் வசூலிக்க ஆளில்லாத ஒரு தேநீர் மூலையில் நடந்தது அது. விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், மறு வாரம் மனிதக் கண்களின் படம். கண் இருந்த வாரங்களில் உண்டியலில் விழுந்த பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2006இல் வெளியானதும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு பலர் செய்து பார்த்ததில் அத்தனை பெரிய விளைவு எல்லாச் சமயத்திலும் வரவில்லை. கண் பார்த்தால் நாம் தாராளமாகிவிடுவதில்லை, கெட்டதைச் செய்யக் கொஞ்சம் தயங்குகிறோம், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் சைக்கிள் நிறுத்துமிடங்களில் முறைக்கும் கண் படம் வைத்தபோது அங்கே திருட்டு 62 சதவீதம் குறைந்தது. படம் வைக்காத இடங்களில் ஏறக்குறைய அதே அளவு கூடியது! திருட்டு நிற்கவில்லை, இடம் மாறியது.

நம் ஊரில் இதற்கு நல்ல ஒப்பீடு உண்டு, மூலைக்கடையின் கார்னே. சின்ன நோட்டுப் புத்தகத்தில் கடைக்காரர் ரொட்டியும் பால்மாவும் எழுதிவைப்பார், மாதக் கடைசியில் கொடுப்போம். என் அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் குடும்பம் அந்த நோட்டை நம்பித்தான் சாப்பிட்டது. அங்கே சுவரில் எந்தக் கண்ணும் ஒட்டியிருக்கவில்லை. கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும், அப்பாவுக்குக் கடைக்காரரைத் தெரியும். கணக்கு இரண்டு பேர் கண் முன்னாலும் எழுதப்பட்டது.

"கி திமுன் பூ தீர்?" இதிலிருந்து எப்போது விடுதலை?

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது கிரியோல், "ஆட்கள் என்ன சொல்வார்கள்?" என்று பொருள். நம்முடைய "நாலு பேர் என்ன சொல்வாங்க"தான். பன்னிரண்டு லட்சம் பேர் இருக்கும் சின்னத் தீவு இது. பஸ்ஸில் ஏறினால் அத்தை பையன், இறங்கினால் மாமாவின் நண்பர். எந்த ரகசியமும் தலைநகர் போர் லூயியிலிருந்து தீவின் மறுகோடியில் இருக்கும் மாயேபூர் போய்ச் சேர மத்தியானம் ஆகாது.

இந்தப் பார்வையின் பாரம் பெண்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. மாலை ஆறு மணிக்கு ஓர் ஆணோடு பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்ணைப் பற்றி ஏழு மணிக்கு அவள் வீட்டில் பேச்சு. பையன் விடிய விடிய வராவிட்டாலும் அப்படி இல்லை. இதை மரபு என்று சொல்லி மூடிவைக்க எனக்கு மனசில்லை. படிப்பையே இதற்காக விட்ட மாணவிகள் எனக்கு உண்டு.

ஆனால் இதே கண்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். என் அம்மா ரோஸ் ஹில்லில் தனியாக இருக்கிறார். எதிர்வீட்டுத் தாந்தின் (கிரியோலில் அத்தை, நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) காலையில் வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்வார், தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அவர் கண்ணுக்குப் பயந்து பின்வாசல் வழியாக வெளியே போனவள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை ஏழே காலுக்கு எனக்குப் போன் செய்தார்: "மோ தீஃபி (என் பெண்ணே), உன் அம்மா ஜன்னல் இன்னும் திறக்கவில்லை." அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, குரல் எழுப்ப முடியாமல் கிடந்தார். நாள்தோறும் ஆறரைக்கு அந்த ஜன்னல் திறக்கும் என்று உலகத்தில் தாந்தினுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஆகவே விடுதலை எப்போது என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. நம்மைப் பார்க்கிறவரை நாமும் திருப்பிப் பார்க்க முடிகிறதா, கேட்க முடிகிறதா, சண்டை போட முடிகிறதா என்று நான் பார்க்கிறேன். தாந்தினோடு எனக்கு அது முடியும். முடியாத இடத்தில்தான் மூச்சு முட்டுகிறது.

திருஷ்டி இருக்கிறதா?

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்தவள். என் பேரக்குழந்தையின் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு உண்டு. கண்ணிலிருந்து ஏதோ பாய்ந்து பால் திரிகிறது என்று நம்பவில்லை. அடுத்தவர் ஏக்கத்தோடு பார்க்கும்போது நமக்குள் ஒரு பதற்றம் வருகிறது, அது நிஜம். அந்தப் பொட்டு அந்தப் பதற்றத்துக்கான மருந்து.

தெருவெல்லாம் கேமரா வந்துவிட்டதே, இதனால் குற்றம் குறைகிறதா?

'பத்திர நகரம்' என்ற பெயரில் நாடு முழுக்க 4,000 கேமரா வைக்கும் திட்டம் இங்கே வந்தது. ஹுவாவே நிறுவனத்தின் தொழில்நுட்பம், பார்ப்பது காவல்துறை. நம் நாட்டுக் கணக்கை வைத்து நான் பேசவில்லை. உலக அளவில் 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஒன்று, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. கார் நிறுத்துமிடங்களில் நல்ல பலன். அடிதடி, வன்முறைக்குப் பெரிய பலன் இல்லை. கோபத்தில் கை ஓங்குகிறவன் கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லையே.

போனில் பேசுவதை யாராவது கேட்கிறார்களோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். இது வீண் பயமா?

நம் நாட்டில் வீண் என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன், அரசியல்வாதிகள், போலீஸ் அதிகாரிகள், வக்கீல்கள், பத்திரிகையாளர்களின் தொலைபேசிப் பேச்சுகள் சமூக ஊடகங்களில் வரிசையாக வெளிவந்தன. 'மிஸ்ஸியே முஸ்தாஸ்' என்ற புனைபெயர்க் கணக்கு அவற்றைப் போட்டது. நவம்பர் 1 அன்று சமூக ஊடகங்களையே தேர்தல் முடியும்வரை முடக்க உத்தரவு வந்தது. கடும் எதிர்ப்பில் மறுநாளே அது விலக்கப்பட்டது. நவம்பர் 10 தேர்தலில் ஆளுங்கூட்டணி ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை.

நான் சொல்ல வருவது அரசியல் அல்ல. அந்த வாரங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். மறைக்க எதுவுமே இல்லாத ஆட்கள் நாங்கள். ஆனாலும் பேச்சு நடுவில் ஒருவர் போனை எடுத்து மேசை டிராயருக்குள் வைப்பார். மற்றவர்களும் வைப்பார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். டிராயரை மூடிய பிறகும் குரல் தணிந்தே இருக்கும். ஒரு தோழி, தன் உடல்நிலை பற்றிப் போனில் எனக்குச் சொல்லிவந்ததை நிறுத்திவிட்டாள். "வேண்டாம், நேரில் சொல்கிறேன்" என்பாள். நேரில் சந்திக்க நேரம் கிடைக்கவில்லை. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று பாட்டி சொல்வார். அந்த மாதம் நாங்கள் பகலிலும் பேசவில்லை.

அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பு 2013 ஜூனில் அம்பலமான பிறகு, பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியா பக்கங்களைப் படிப்பவர்கள் சட்டென்று குறைந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. விக்கிப்பீடியா படிப்பது குற்றமல்ல. ஆனால் யாராவது பார்ப்பார்களோ என்றால் அறிவதற்கே தயங்குகிறோம். கேட்கிறார்களா இல்லையா என்பதைவிட, கேட்கலாம் என்பதே போதும், மனிதனை அடக்கிவிட.

இதெல்லாம் புதிய தொழில்நுட்பம் கொண்டுவந்த தொல்லைதானே?

இல்லை. நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்து ஒப்பந்தக் காலம் முடித்த கூலிகளை 'பழைய குடியேறிகள்' என்று பதிவு செய்து, 1867 சட்டத்தின்படி புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கச் செய்தார்கள். சீட்டில்லாமல் வெளியே பிடிபட்டால் நாடோடி என்று சிறை. மருந்து வாங்கப் போனாலும் உறவுக்காரரைப் பார்க்கப் போனாலும் அதுதான் கதி. 1871இல் 9,401 பேர், கரும்புத் தோட்டம் ஒன்றை நிர்வகித்த தெ பிளெவிட்ஸ் என்பவரின் உதவியோடு ஆளுநருக்கு மனு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அரச விசாரணைக் குழுவே வந்தது.

அந்தப் படங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. என் பாட்டனுக்குப் பாட்டன் படத்தை அங்கேதான் பார்த்தேன். தலைப்பாகை, வெற்றுத் தோள், ஓர் எண். படம் எடுப்பவரைப் பார்க்காமல் அவருக்குச் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்க்கிறார். நான் அந்தத் தாளை எப்படிச் சாய்த்தாலும் அவர் கண் என் கண்ணைத் தொடவில்லை. அவர்கள் இவரைப் பார்க்கலாம், இவர் பார்க்கக்கூடாது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

2013இல் கைரேகையோடு புதிய அடையாள அட்டை வந்தபோது நம் ஆட்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனதை வீம்பு என்று பேசியவர்கள் உண்டு. 2021இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அதில் அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. எனக்கு அந்த 9,401 கைநாட்டுகளும் கையெழுத்துகளும்தான் ஞாபகம் வந்தன.

பக்கத்து வீட்டுக் கேமரா என் முற்றத்தைப் பார்க்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் அவரிடமே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் கேமரா வைத்ததும் நான் துணி காயப்போடும் விதமே மாறிப்போனது. உள்ளாடைகளைப் படுக்கை விரிப்புக்குப் பின்னால் மறைத்தேன். என் கொல்லையில் நிற்க நைட்டிக்கு மேல் துப்பட்டா. ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு போய்க் கேட்டேன். அவர் திகைத்துப்போய்ப் போனைத் திறந்து என் கையில் கொடுத்தார். திரையில் அவர் வீட்டு மதில், எங்கள் மாமரத்தின் பாதி, கொடிக்கயிற்றின் ஒரு நுனி. அவ்வளவுதான். அந்த நுனியும் தெரியாதபடி அன்றே திருப்பிவிட்டார்.

பேசித் தீராவிட்டால் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன் வீட்டுக்குள் வைப்பது அவரவர் சொந்த விஷயம். அடுத்தவர் இடத்தைப் படம்பிடிப்பது அப்படியல்ல. தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

பிள்ளையின் போனை அவனுக்குத் தெரியாமல் பார்க்கலாமா?

பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள், சொல்லிவிட்டுப் பாருங்கள். தெரியாமல் பார்த்ததைக் கண்டுபிடித்த பிள்ளைகள் திருந்தி நான் பார்த்ததில்லை, இரண்டாவது கணக்கு தொடங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

சாமியும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? அந்தப் பயம் நல்லதுதானே?

பயம் காட்ட நான் சாமியைக் கூப்பிடுவதில்லை. கோயிலில் நாம் கேட்பதே பார்வையைத்தான். "கடைக்கண் பாரம்மா" என்கிறோம். சிலை செய்து முடித்ததும் கடைசியில்தான் பொன் ஊசியால் கண் திறக்கிறார்கள். திரை விலகும் நேரத்தில் எம்பி எம்பிப் பார்ப்பது, அவர் நம்மைப் பார்க்கவேண்டும் என்றுதான். நாமும் பார்க்கிறோம், தரிசனம் இரண்டு பக்கமும்.

காவடி எடுப்பவர்களை எல்லாரும் போனில் படம் எடுக்கிறார்களே, எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் அலகு குத்தியவரிடம் எப்படிக் கேட்பது? அவர் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது.

போன தைப்பூசத்தில் கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் என் பழைய மாணவன் ஒருவன் காவடியோடு வந்தான். பத்து நாள் விரதத்தில் முகம் ஒட்டிப்போயிருந்தது. கன்னத்தில் வேல். இரண்டு பக்கமும் நீட்டிய கைகள், கைகளில் போன்கள். வெயிலில் தார் கொதித்தது. அவன் அம்மா கையில் போன் இல்லை, ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. அவன் கால் வைக்கப்போகும் இடத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, பின்னோக்கியே நடந்து வந்தார், அவன் முகத்திலிருந்து கண் எடுக்காமல். அத்தனை பேர் நடுவில் அவனும் வேறு எங்கும் பார்க்கவில்லை.